ஹாங்காங் நிழலுலகப் படங்கள்: முதலில் எதைப் பார்ப்பது?

'ட்வைலைட் ஆஃப் தி வாரியர்ஸ்: வால்ட் இன்' 2024இல் வந்ததிலிருந்து சண்டைப்படப் பிரியர்கள் மத்தியில் அந்தப் படத்தைப் பற்றித்தான் பேச்சு. ஹாங்காங்கில் பேசப்படும் கான்டனீஸ் மொழியில் ஒரு கேங்ஸ்டர் படத்தைக்கூடப் பார்த்திராதவர்களும் அதைத்தான் முதலில் தேடுகிறார்கள். புதிய படம், துல்லியமான பிரதி, எல்லோரும் புகழ்கிறார்கள்; தேடத்தான் செய்வார்கள். ஆனால் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு மாலை, பார்க்கப்போவது ஒரே ஒரு படம் என்றால் அதிலிருந்து தொடங்குவது சரியா? எனக்குச் சந்தேகம்தான்.

அதற்குப் போட்டியாக மூன்று பழைய படங்களை நிறுத்துகிறேன். ஜான் வூ இயக்கிய 'எ பெட்டர் டுமாரோ' (1986), ஆண்ட்ரூ லாவும் ஆலன் மாக்கும் சேர்ந்து இயக்கிய 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' (2002), ஜானி டோவின் 'எலெக்‌ஷன்' (2005). நான்கும் ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படத்துக்கான பரிசை வென்றவை. ஆகவே இவற்றில் எது மட்டம் என்ற வழக்கே இங்கு எழாது. நான்கிலும் 'ட்ரையட்' எனப்படும் ஹாங்காங்கின் ரகசியக் குற்றக் குழுக்களோ, அவற்றின் சாயல் கொண்ட கும்பல்களோதான் கதைக்களம். ஆனால் நான்கும் நான்கு விதமான பார்வையாளரை எதிர்பார்க்கின்றன. அந்த எதிர்பார்ப்பு என்ன என்பது, சொந்த ஊர் அந்தந்தப் படத்தை எப்படி வரவேற்றது என்பதைக் கவனித்தால் புலப்படும். அதனால் கதையோடு சேர்த்து வரவேற்பையும் தராசில் வைக்கிறேன்.

பழையதிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1986 ஆகஸ்டில் 'எ பெட்டர் டுமாரோ' திரைக்கு வந்தபோது அதன் மேல் பந்தயம் கட்டும் நிலையில் அதிகம் பேர் இல்லை. ஜான் வூ அதற்குமுன் நகைச்சுவைப் படங்களால் பேர் வாங்கியவர். பிறகு அந்தப் படங்களும் ஓடாமல் போகவே தைவானுக்கு அனுப்பப்பட்டு, ஏறக்குறைய ஓரங்கட்டப்பட்டிருந்தார். டி லுங் எழுபதுகளில் ஷா பிரதர்ஸ் நிறுவனத்தின் வாள்சண்டைப் படங்களில் கொடிகட்டிப் பறந்த நாயகன். எண்பதுகளின் நடுவில் அவர் சந்தை சரிந்திருந்தது. சவ் யுன்-ஃபாட் தொலைக்காட்சித் தொடர்களில் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம், சினிமாவிலோ 'வசூலுக்கு விஷம்' என்று பட்டம் வாங்கியவர். தயாரிப்பாளர் ட்சுய் ஹார்க் இவர்களை நம்பிப் பணம் போட்டார். படம் சுமார் 3 கோடியே 46 லட்சம் ஹாங்காங் டாலர் வசூலித்து, அதுவரை அந்த ஊர் கண்ட சாதனையை முறியடித்தது. மறு ஆண்டு சிறந்த படம், சிறந்த நடிகர் விருதுகள். அந்த நடிகர் வேறு யாருமில்லை, 'விஷம்' சவ் யுன்-ஃபாட்தான். தைவானின் கோல்டன் ஹார்ஸ் விருதில் டி லுங் சிறந்த நடிகர், ஜான் வூ சிறந்த இயக்குநர். தொழில் கைவிட்டவர்கள் சேர்ந்து கைவிடப்பட்டவர்களைப் பற்றி எடுத்த படம் என்று இதைச் சொன்னால் மிகையாகாது. அந்தக் கசப்பு அவர்கள் முகத்தில் தெரிகிறது. நடிப்பால் மட்டும் வரக்கூடியதல்ல அது.

கதை நமக்குப் புதிதில்லை. அண்ணன் ஹோ கள்ளநோட்டுக் கும்பலில் பெரிய புள்ளி. தம்பி கிட் போலீஸ் வேலையில் சேருகிறான். அண்ணன் தைவானில் காட்டிக்கொடுக்கப்பட்டுச் சிறைக்குப் போகிறான். தந்தை கொல்லப்படுகிறார். தம்பிக்கு அண்ணன் மேல் தீராத கோபம். திருந்தி வாழ வந்த அண்ணனைப் பழைய கும்பலும் விடவில்லை, தம்பியும் ஏற்கவில்லை. 1981இல் ரஜினிகாந்த் நடித்த 'தீ' படத்தைப் பார்த்தவர்களுக்கு, சட்டத்தின் இரு கரைகளில் நிற்கும் சகோதரர்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மேற்கத்திய விமர்சகர்கள் பலர் இந்தப் படத்தைப் பாராட்டும்போதுகூட, உணர்ச்சி அளவு மீறுகிறது என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த வரி நமக்குப் பொருந்தாது. அழுகையும் பாட்டும் துப்பாக்கியும் ஒரே படத்தில் இருப்பதை விநோதமாகப் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை.

இந்தப் படத்தின் நடுநாயகமான காட்சியைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். ஹோவைக் காட்டிக்கொடுத்தவனைப் பழிவாங்க அவன் நண்பன் மார்க், அதாவது சவ் யுன்-ஃபாட், தைவானில் ஓர் உணவகத்துக்குப் போகிறான். நீண்ட மேலங்கி. பக்கத்தில் ஒரு பெண்; அவளோடு கொஞ்சிச் சிரித்தபடி தாழ்வாரத்தில் நடக்கிறான். நடக்கிற போக்கிலேயே, வழியில் வரிசையாக இருக்கும் பூந்தொட்டிகளுக்குள் ஒவ்வொரு கைத்துப்பாக்கியாகச் செருகிக்கொண்டே போகிறான். ஏன் என்று அப்போது நமக்குத் தெரியாது. அறைக் கதவு திறக்கிறது. இரண்டு கையிலும் துப்பாக்கி. விருந்து மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மெதுவோட்டத்தில் சரிகிறார்கள். குண்டு தீர்ந்ததும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுத் திரும்பி நடக்கிறான். துரத்தி வருகிறவர்களைச் சுட, ஒவ்வொரு தொட்டியாக அவனுக்கு ஆயுதம் எடுத்து நீட்டுகிறது. தப்பித்துவிட்டான் என்று நாம் மூச்சு விடும் வேளையில், சாகாமல் கிடந்த ஒருவன் அவன் காலில் சுடுகிறான்.

மற்ற படமாக இருந்தால் அந்தக் காயம் அடுத்த காட்சியில் ஆறியிருக்கும். இங்கே சில ஆண்டுகள் கழித்து மார்க் நொண்டியபடி வருகிறான். முன்பு தனக்கு அடியாளாக இருந்தவனின் காரைத் துடைக்கிறான். அவன் தரையில் வீசும் பணத்தைக் குனிந்து பொறுக்குகிறான். கார் நிறுத்துமிடத்தின் மூலையில் உட்கார்ந்து பொட்டலச் சோற்றை அள்ளித் தின்கிறான். சிறையிலிருந்து வந்த ஹோ அந்தக் கோலத்தில்தான் நண்பனைக் காண்கிறான். படம் ஊரையே அழவைத்தது துப்பாக்கிச் சண்டையால் என்று நினைக்கிறவர்கள் இந்தச் சோற்றுக் காட்சியைக் கணக்கில் எடுப்பதில்லை.

வரவேற்பு தியேட்டரோடு நிற்கவில்லை. ஹாங்காங்கின் புழுக்கத்தில், வியர்த்து விறுவிறுக்க, இளைஞர்கள் மார்க்கைப் போல நீண்ட மேலங்கி அணிந்து திரிந்தார்கள். அவன் போட்டிருந்த வகைக் கறுப்புக் கண்ணாடி கடைகளில் விற்றுத் தீர்ந்தது. அதன்பின் அதே வார்ப்பில் இரட்டைத் துப்பாக்கி, நண்பனுக்காக உயிர்த்தியாகம் என்று எத்தனையோ படங்கள் வந்து குவிந்தன. பெரும்பாலானவை இன்று யாருக்கும் நினைவில்லை. விமர்சகர்கள் தரப்பிலும் மதிப்பு குறையவில்லை. சீன மொழிப் படங்களில் தலைசிறந்த நூறு என்று ஹாங்காங் திரைப்பட விருதுக் குழு 2005இல் வெளியிட்ட பட்டியலில் இதற்கு இரண்டாம் இடம்.

ஏன் இப்படி ஒரு பித்து என்பதற்கு ஒரு காட்சியையே சான்றாகச் சொல்வேன். இரவில் மேட்டின் மேல் நின்று நகர விளக்குகளைப் பார்த்து, இவ்வளவு அழகானது இப்படிச் சீக்கிரம் கைவிட்டுப் போகப்போகிறதே என்ற பொருளில் மார்க் பேசுகிறான். அப்போது அவன் தன் வாழ்க்கையைத்தான் சொல்கிறான். ஆனால் 1997இல் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைப்பதென்று பிரிட்டன் 1984 டிசம்பரிலேயே கையெழுத்திட்டிருந்தது. அரங்கில் இருந்தவர்களுக்கு அந்த வசனம் வேறு விதமாகவும் கேட்டிருக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. தம்பியின் காதலி செல்லோ வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு தேர்வுக்கு ஓடும் நகைச்சுவை இன்று பல்லிளிக்கிறது. சிந்தசைசர் இசை சில இடங்களில் காதைக் குடைகிறது. தம்பியாக வரும் லெஸ்லி சியுங் நல்ல நடிகர், இந்தப் படத்தின் பாடலையும் அவரே பாடினார். ஆனால் இங்கே அவருக்குக் கொடுத்திருப்பது முறைப்பும் கத்தலும்தான். அக்கால ஹாங்காங் வழக்கப்படி குரல்கள் பின்னால் பதிவு செய்யப்பட்டவை, உதட்டசைவு அங்கங்கே ஒட்டாது. பழைய தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

இனி, எல்லோரும் பேசும் புதிய படம். சொய் சியாங் இயக்கிய 'ட்வைலைட் ஆஃப் தி வாரியர்ஸ்: வால்ட் இன்' சுமார் 30 கோடி ஹாங்காங் டாலர் செலவில் உருவானது. 2024 மே முதல் தேதி வெளியாகி, உள்ளூரில் மட்டும் 10 கோடி ஹாங்காங் டாலரைத் தாண்டியது. அதே மாதம் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் நள்ளிரவுத் திரையிடலுக்கும் போனது. 2025 விருது விழாவில் சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட ஒன்பது பரிசுகள். 1986இன் வசூலையும் 2024இன் வசூலையும் அருகருகே வைத்து ஒன்று மூன்று மடங்கு பெரியது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். டிக்கெட் விலை எங்கிருந்து எங்கே போய்விட்டது என்று பார்த்தால் அந்தக் கணக்கு நிற்காது. கவனிக்க வேண்டியது வேறு: உள்ளூர் சண்டைப் படத்தின் காலம் முடிந்துவிட்டது என்று பலரும் எழுதிக்கொண்டிருந்த வேளையில் ஊர் திரண்டு போய்ப் பார்த்தது.

எதைப் பார்க்கத் திரண்டது? கவுலூன் மதில் நகரத்தை. அது ஹாங்காங்கில் உண்மையில் இருந்த இடம். 1898இல் ஹாங்காங்கை ஒட்டிய 'புதிய பிரதேசங்கள்' என்ற நிலப்பகுதியைச் சீனாவிடமிருந்து பிரிட்டன் குத்தகைக்கு எடுத்தபோது இந்தச் சிறு கோட்டை மட்டும் சீனாவின் பொறுப்பில் விடப்பட்டது. பிறகு இரு தரப்பும் முழுமையாக ஆளாத ஓர் இடமாக அது ஆகிப்போனது. சுமார் ஆறரை ஏக்கரில் ஏறத்தாழ 33,000 பேர். ஒன்றன் மேல் ஒன்று முளைத்த கட்டடங்கள். பக்கத்தில் காய் டாக் விமான நிலையம் இருந்ததால் பதினான்கு மாடி அளவோடு உயரம் நின்றது. உள்ளே உரிமம் இல்லாத பல் மருத்துவர்கள், மீன் உருண்டை செய்யும் கூடங்கள், பகலிலும் விளக்கு எரியும் சந்துகள், தலைக்கு மேல் கம்பிகளும் சொட்டும் குழாய்களும். 1993, 94இல் இடித்துத் தரைமட்டமாக்கி, அங்கே பூங்கா அமைத்துவிட்டார்கள்.

படக்குழு அந்த இடத்தை அரங்கமாக மறுபடி கட்டியது. படத்தின் உண்மையான நாயகன் அந்த அரங்கம்தான் என்பேன். அடையாள அட்டை இல்லாமல் ஹாங்காங்குக்குள் வந்த சான் லொக்-குவன், போலி அட்டைக்குப் பணம் கொடுத்து ஏமாறுகிறான். ஏமாற்றியவர், பழைய சண்டைப்பட நட்சத்திரம் சாம்மோ ஹங் நடிக்கும் பெரிய தலை. கோபத்தில் அங்கிருந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அடுக்குப் பேருந்தில் ஒரு சண்டை, பிறகு துரத்தல், கடைசியில் மதில் நகரத்துக்குள் புகல். உள்ளே ஆட்சி நடத்துபவர், லூயிஸ் கூ நடிக்கும் சைக்ளோன். முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார். முதலில் அடித்துப் போடுகிறார், பிறகு வேலையும் இடமும் கொடுக்கிறார். லொக்-குவன் கிடைத்த வேலையையெல்லாம் செய்து, சார் சியு இறைச்சிச் சோறு தின்று, மூன்று நண்பர்களைச் சம்பாதிக்கிறான். இந்த நடுப்பகுதி எனக்குச் சண்டைகளைவிடப் பிடித்திருந்தது. கூரைக்கு மேல் விமானம் உரசுவது போலப் போகிறது. கீழே நான்கு பேர் மாஜோங் என்ற சீனக் காய் விளையாட்டை ஆடுகிறார்கள்.

சண்டைகளை அமைத்தவர் ஜப்பானியரான கென்ஜி தனிகாகி. இடத்தின் நெருக்கடியே இவருக்கு மூலதனம். கதவு, படி, சன்னல் கம்பி, அடுத்த வீட்டு ஓட்டை எல்லாம் சண்டைக்குள் வந்துவிடுகின்றன. கடைசியில் ஃபிலிப் இங் நடிக்கும் வில்லன், கத்தி வெட்டினாலும் உடலில் இறங்காத சக்தி படைத்தவன். அங்கே படம் காமிக்ஸ் ஆகிவிடுகிறது. மூலமே நாவலும் காமிக்ஸும் என்பதால் இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. ஆனால் அதுவரை வியர்வையும் தூசியுமாக நம்பவைத்த ஒரு படத்தில் திடீரென்று தோல் இரும்பாவதைக் கண்டு சிலர் முகம் சுளித்தார்கள். முந்தைய தலைமுறையின் பகை, யார் யாருக்கு மகன் என்ற முடிச்சு ஆகியவை படத்தை இழுக்கின்றன என்ற புகாரும் உண்டு. அதில் எனக்கு உடன்பாடு.

ஊர்க்காரர்களுக்கு இந்தக் குறைகள் பெரிதாகத் தெரியவில்லை. அவர்கள் வந்தது இடித்துப்போன ஒரு இடத்துக்கும், ஓய்ந்துபோன ஒரு வகைப் படத்துக்கும். சாம்மோ ஹங் மீண்டும் அடிக்கிறார் என்பதே அவர்களுக்கு விருந்து. அரங்கின் பகுதிகளைப் பிறகு விமான நிலையத்தில் காட்சிக்கு வைத்தபோது மக்கள் போய் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என் தயக்கமும் இங்கேதான். இந்தப் படத்தின் பாதிச் சுவை ஞாபகத்தில் இருக்கிறது. பழைய படங்கள் எதையும் பாராதவருக்கு, லூயிஸ் கூ புகை விட்டபடி நிற்கும் தோரணை எந்த மரபிலிருந்து வருகிறது என்று தெரியாது. நன்றாக இருக்கிறது என்று மட்டும் தெரியும். அதுவும் ஒரு ரசனைதான். ஆனால் முப்பது, நாற்பது ஆண்டுக் கடனை வட்டியோடு திருப்பித் தரும் படத்தை, கடன் கொடுத்தவர் யாரென்று தெரியாமலே பார்ப்பது நட்டம்.

'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' இதற்கு நேர் எதிர். முன்னறிவு எதுவும் வேண்டாம். போலீஸ் ஆள் ஒருவன் கும்பலுக்குள் பத்தாண்டுகளாக ஒளிந்திருக்கிறான். கும்பலின் ஆள் ஒருவன் போலீசுக்குள் அதிகாரியாக வளர்ந்திருக்கிறான். இருவருக்கும் ஒரே கட்டளை: எதிர்த் தரப்பின் ஒற்றனைக் கண்டுபிடி. அதாவது ஒவ்வொருவனும் மற்றவனைத் தேட வேண்டும், தன்னையே தேடுவது போல நடிக்கவும் வேண்டும். டோனி லியுங் சியூ-வாய் ஒரு பக்கம், ஆண்டி லாவ் மறுபக்கம். சுமார் நூறு நிமிடங்களில் தேவையற்ற சதையே இல்லாமல் ஓடுகிற திரைக்கதை. சுடுவது குறைவு, தொலைபேசி அதிகம். விரலால் தட்டி அனுப்பும் மோர்ஸ் குறியீட்டுக்காகவே ஒரு போதைப்பொருள் பேரத்தைக் கண்ணிமைக்காமல் பார்க்கவைக்கிறார்கள்.

ஆனாலும் எனக்குப் பிடித்தது அதன் தொடக்கத்தில் வரும் ஒலிக்கருவிக் கடைக் காட்சி. ஒருவன் கடையில் உட்கார்ந்திருக்கிறான், மற்றவன் ஆம்ப்ளிஃபயர் வாங்க வருகிறான். ஒருவரை ஒருவர் யாரென்று தெரியாது. தைவான் பாடகி சாய் சின்னின் பழைய பாட்டு ஒன்றைப் போட்டு, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து கேட்கிறார்கள். அவ்வளவுதான்.

2002 டிசம்பரில் வந்தபோது ஹாங்காங் சினிமா உண்மையிலேயே படுத்திருந்தது. படங்களின் எண்ணிக்கை சுருங்கிவிட்டது, திருட்டு விசிடி தெருவெங்கும் கிடைத்தது. அந்த நேரத்தில் சுமார் 5 கோடியே 50 லட்சம் ஹாங்காங் டாலர் வசூல். விருது விழாவில் ஏழு பரிசுகள். 2003இலேயே முன்கதையும் பின்கதையும் வந்துவிட்டன. வெளியூர் வரவேற்பின் கதைதான் வேடிக்கை. ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி 'தி டிபார்ட்டட்' என்று 2006இல் மறுஆக்கம் செய்து, அது சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் வாங்கியது. தழுவல் திரைக்கதைக்கான விருதை அறிவித்த மேடையில், மூலப் படம் ஜப்பானியப் படம் என்று சொல்லிவிட்டார்கள். ஹாங்காங்காரர்கள் அதை இன்னும் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம்.

இதை முதலில் பார்க்கச் சொல்வதில் ஆபத்தே இல்லை. யாருக்கும் பிடிக்கும். என் தயக்கம், இது கான்டனீஸ் கேங்ஸ்டர் படத்தின் ருசியைச் சொல்லும் படம்தானா என்பதில். கண்ணாடிக் கட்டடங்களும் நீலச் சாயமும் கோட்டு போட்ட ஆட்களுமாக, எந்தப் பெருநகரத்திலும் நடக்கக்கூடிய கதை. அப்படி நடக்கக்கூடியதால்தான் ஸ்கார்செஸியால் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துக்கு அதை எளிதாக எடுத்துப் போக முடிந்தது. 'தி டிபார்ட்டட்' ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு முடிச்சுகள் தெரிந்துவிட்டிருக்கும் என்பதும் ஒரு சிக்கல். இன்னொன்று: மெயின்லாந்து சீனாவுக்கென்று தணிக்கைக்கு இணக்கமான வேறொரு முடிவு எடுக்கப்பட்டது. பார்க்கப்போகும் பிரதி எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த முடிவோடு பார்த்தால் படத்தின் நஞ்சே இறங்கிப்போகும்.

நான்கில் என் மனதுக்கு மிக நெருக்கமானது 'எலெக்‌ஷன்'. அதையே முதலில் பார்க்காதீர்கள் என்றும் சொல்வேன். ஒரு ட்ரையட் குழுவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தலைவர் தேர்தல். கிழவர்கள் தேநீர் குடித்தபடி ஓட்டுப் போடுகிறார்கள். சைமன் யாம் நடிக்கும் லொக் அமைதியானவன். டோனி லியுங் கா-ஃபாய் நடிக்கும் பிக் டி வெறிபிடித்தவன். லொக் ஜெயிக்கிறான். தோற்றவன் தனக்கு ஓட்டுப் போடாத கிழவர்களை மரப்பெட்டியில் அடைத்து மலைச்சரிவில் உருட்டிவிடுகிறான். தலைமைக்கு அடையாளமான செங்கோல் சீனாவில் இருக்கிறது. யார் கைக்கு அது முதலில் வருகிறதோ என்று ஒரு தொடர் ஓட்டம்.

அந்த ஓட்டத்தில் ஓர் இடம். செங்கோலை வைத்திருப்பவனை ஒருவன் கட்டையால் அடி அடியென்று அடிக்கிறான். அடிபடுகிறவன் ரத்தம் ஒழுக ஒழுகக் குழுவின் சத்தியப் பிரமாணத்தை ஒப்பித்துக்கொண்டிருக்கிறான், செங்கோலை மட்டும் விடவில்லை. நடுவில் தொலைபேசி அடிக்கிறது. மேலே பேரம் முடிந்துவிட்டது, இப்போது இருவரும் ஒரே அணி. அடித்தவன் கட்டையைக் கீழே போடுகிறான். சிரிப்பதா நடுங்குவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருப்போம்.

முழுப் படத்திலும் ஒரு துப்பாக்கி வெடிப்பதில்லை. கத்தி, கட்டை, கல், கை. ஜான் வூவின் மார்க்கைப் பார்த்து நெகிழ்ந்த ஊருக்கு, அந்த நட்பும் விசுவாசமும் வெறும் சடங்கு வசனம் என்று முகத்தில் அறைந்தது போலச் சொன்ன படம். ட்ரையட் சடங்குகளைக் காட்டியதால் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கான மூன்றாம் பிரிவுச் சான்றிதழ் கிடைத்தது. கூட்டம் அதனாலேயே கட்டுப்பட்டது. மறுபுறம், 2005 கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. அந்த ஆண்டு ஹாங்காங்கில் தலைமை நிர்வாகி துங் சீ-ஹ்வா பதவி விலகி, அவர் இடத்துக்கு டொனால்ட் சாங் போட்டியின்றி வந்தார். வாக்களிக்கும் உரிமை 800 பேர் கொண்ட குழுவுக்கு மட்டுமே. கிழவர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் படத்தை ஊர் என்னவென்று படித்திருக்கும் என்பதை யூகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

இவ்வளவு பிடித்தும் இதை ஏன் பின்னுக்குத் தள்ளுகிறேன்? ஒரு கதையை உடைக்கும் படத்தை, உடைபடும் கதை தெரிந்த பிறகு பார்ப்பதுதான் முறை. மேலும் முதல் அரை மணி நேரத்தில் பெயர்களும் பட்டங்களும், 'மாமா' என்று அழைக்கப்படும் குழுக் கிழவர்களும் வரிசையாக வந்து குழப்புவார்கள். அலுத்துப்போய் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும்.

ஜான் வூவின் 'தி கில்லர்' (1989) எங்கே என்று கேட்பீர்கள். வெளிநாட்டு ரசிகர்கள் பலருக்கு ஜான் வூ என்றாலே அதுதான். சிறந்த இயக்குநர் விருதும் பெற்றது. ஆனால் ஹாங்காங்கில் அதன் வசூல் 'எ பெட்டர் டுமாரோ'வின் பாதியைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். புறாக்களும் தேவாலயமும் கண்ணுக்கு அழகு. ஊரின் நாடித்துடிப்பு அதில் குறைவு. 1996இல் தொடங்கிய 'யங் அண்ட் டேஞ்சரஸ்' வரிசையையும் விட்டுவிட்டேன். பள்ளிப் பையன்களைக் கும்பல் வாழ்க்கைக்கு ஆசைப்பட வைக்கிறது என்று அப்போது கண்டனம் எழுந்தது. ஒரே ஆண்டில் மூன்று பாகங்கள் வந்த வேகம் திரையிலும் தெரிகிறது.

நான்கு படங்களுக்கும் பொதுவான ஒரு குறையை மறைக்க விரும்பவில்லை. பெண்களுக்கு இவற்றில் உட்கார நாற்காலிகூடக் கிடையாது. காத்திருக்கும் காதலி, கேள்வி கேட்கும் மனைவி, சிகிச்சை தரும் மருத்துவர்; அதற்கு மேல் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. நாற்பது ஆண்டு இடைவெளியில் சண்டையின் தரம் ஏறியிருக்கிறது, இது மட்டும் ஏறவில்லை. வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்கத் திட்டமிடுகிறவர்கள் இதை எதிர்பார்த்தே உட்காருங்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் நான்குமே வேண்டாம்.

ஆக, ஒரே மாலைதான் என்றால் என் தேர்வு 'எ பெட்டர் டுமாரோ'. செல்லோவையும் சிந்தசைசரையும் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றும் எதை நினைத்து ஏங்குகின்றன, எதை எதிர்த்து முறைக்கின்றன என்பது இந்த ஒரு படத்தில் இருக்கிறது. அது பிடித்துவிட்டால் அடுத்ததாக 'ட்வைலைட் ஆஃப் தி வாரியர்ஸ்', கிடைக்கிற மிகப் பெரிய திரையில். கைபேசியில் பார்த்தால் மதில் நகரம் வெறும் இருட்டாகத்தான் தெரியும். பழைய படம் என்றாலே கொட்டாவி விடுகிறவரோ, துப்பாக்கிச் சத்தம் ஆகாதவரோ கூட இருந்தால், வாதாடாமல் 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' போடுங்கள். 'எலெக்‌ஷன்' கடைசி, அதைத் தனியாகப் பார்ப்பது நல்லது, உடனே அதன் இரண்டாம் பாகத்தையும் பார்த்துவிடுவது இன்னும் நல்லது.

எதைப் போட்டாலும் ஒலித்தடத்தில் கான்டனீஸைத் தேர்ந்தெடுங்கள். மாண்டரின் அல்லது ஆங்கில டப்பிங் இருந்தால் இயல்பாகவே கை அதற்குப் போகும். கான்டனீஸின் வசவும் இழுப்பும் அதில் காணாமல் போய்விடும். 'எ பெட்டர் டுமாரோ' பார்த்த சூட்டில் 1987இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தை மட்டும் உடனே தேடிப் போகாதீர்கள். அதன் இறுதிச் சண்டை அபாரம்தான். ஆனால் சவ் யுன்-ஃபாட்டை மறுபடி கொண்டுவர அவர்கள் செய்த ஏற்பாடு இருக்கிறதே, அதை நான் இங்கே சொன்னால் முதல் படத்தின் முடிவைப் போட்டு உடைத்ததாகிவிடும்.